தென்பெண்ணை, கெடிலம் கரை ஜியோகேச்கள்: மழைக்கு முன் எடுத்துவிடலாமா, வேறு வழி இருக்கிறதா?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரைச் சுற்றி நான் வைத்துப் பராமரிக்கும் ஜியோகேச்கள் விஷயமாக உதவி வேண்டும். (புதியவர்களுக்கு: ஜியோகேச் அல்லது கேச் என்பது ஒளித்து வைத்த டப்பா. தளத்தில் கொடுத்த ஆயத்தொலைவை ஜிபிஎஸ்ஸில் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் விளையாட்டு இது.) வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது, அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த பேய்மழையைக்கூட என் டப்பாக்கள் தாங்கிவிட்டன. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்து தென்பெண்ணை கரை புரண்டதே, அதில்தான் எல்லாம் போனது. தாழங்குடா முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் வேலமரத்தின் வேரில் கட்டியிருந்த ஒரு லிட்டர் கிளிப் டப்பாவைக் காணோம். மரத்தையும் காணோம். ஜெர்மனியிலிருந்து கை மாறி கை மாறி வந்த டிராவல் பக் (கேச் விட்டுக் கேச் பயணிக்கும், எண் போட்ட தகடு) ஒன்றும் அதற்குள் இருந்தது.

கெடிலம் கரையில் கல் இடுக்கில் வைத்தது வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியின் நாலு கிளிப்பும் மாட்டியபடியே இருந்தன. ஆனால் உள்ளே கால்வாசித் தண்ணீர். பதிவேடு கூழாகி, மை நீலமாகக் கரைந்து, முதலில் கண்டுபிடித்தவர் கையெழுத்துப் போட்ட பக்கம் என் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூடி திறக்காமல் தண்ணீர் எப்படி உள்ளே போகும்?

வெள்ளி கடற்கரை பக்கம் சவுக்குத் தோப்பில் காந்தம் வைத்த சின்ன டப்பா ஒன்றும் இருக்கிறது. காந்தம் துருப்பிடித்துப் பொரிந்து போயிருக்கிறது.

அக்டோபரில் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்து வந்து, பொங்கல் கழித்துத் திரும்ப வைத்தால், கேச்களைச் சரிபார்த்து அனுமதிக்கும் ரிவ்யூவர் ஒப்புக்கொள்வாரா? இல்லை, வெள்ளம் வந்தாலும் நிற்கிற மாதிரி வைக்க வழி இருக்கிறதா? முகத்துவாரம் கேச்சை விட மனசே இல்லை. அதைத் தேடி வந்துதான் வெளியூர்க்காரர்கள் பலர் அந்த இடத்தையே பார்த்தார்கள்.

பாண்டி பெடல்:

தண்ணீர் எப்படிப் போனது என்பதற்கு மட்டும் முதலில் சொல்கிறேன். கிளிப் டப்பா மழைக்குத் தாங்கும், முங்கினால் தாங்காது. ஒரு மீட்டர் ஆழத்தில் முங்கினால் ஒரு சதுர செ.மீ.க்கு 100 கிராம் எடை கூடுதலாக அழுத்தும். பத்துக்குப் பதினைந்து செ.மீ. மூடி என்றால் அதன் மேல் மட்டும் 15 கிலோ. மூடி அழுந்துவதால் பிரச்சினை இல்லை. பக்கச்சுவர் உள்ளே வளையும்போது ரப்பர் வளையம் ஒரு மூலையில் விட்டுக்கொடுத்துவிடும்.

வெள்ளம் வராவிட்டாலும் ஈரம் ஏறும். பகல் வெயிலில் உள்காற்று விரிந்து கொஞ்சம் வெளியே கசியும். மாலையில் மழை அடித்ததும் சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அப்போது வளையத்தைச் சுற்றி நிற்கும் தண்ணீரை டப்பாவே உள்ளே இழுத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நம் கடற்கரைக் காற்றில் சீக்கிரமே நிரம்பிவிடும், அப்புறம் அது இருந்தும் பயனில்லை.

நான் இப்போதெல்லாம் பிரீஃபார்ம் தவிர வேறு எதுவும் வைப்பதில்லை. தண்ணீர் பாட்டிலாக ஊதுவதற்கு முன்னால் சோதனைக்குழாய் மாதிரி தடித்த சுவரோடு இருக்குமே, அதுதான். பாட்டில் தண்ணீர் கம்பெனியில் கேட்டால் கொடுப்பார்கள். அதற்குப் பொருந்தும் பாட்டில் மூடி போட்டுத் திருகினால் முங்கினாலும் சொட்டுத் தண்ணீர் போகாது. வட்டமாக, தடிப்பாக இருப்பதால் வளையவும் வளையாது. நீளத் துண்டுக் காகிதத்தைச் சுருட்டி உள்ளே வையுங்கள். பேனா வேண்டாம், பென்சில். பென்சில் எழுத்து நனைந்தாலும் கரையாது.

இன்னொன்று, பெரிய டப்பா என்றால் உள்ளே இருக்கும் காற்றே எதிரி. ஒரு லிட்டர் டப்பா முங்கினால் கிட்டத்தட்ட ஒரு கிலோ விசையோடு மேலே இழுக்கும். அதோடு ஆற்றின் இழுப்பும் சேரும். பிரீஃபார்ம் சின்னது, இழுப்பும் குறைவு.

கெடிலக்கரை:

நன்றி அண்ணா. பிரீஃபார்மை எதில் கட்டுகிறீர்கள்? கம்பி கட்டினால் ஒரே சீசனில் துருப்பிடித்து அறுந்துவிடுகிறது.

தேவனாம்பட்டினம் போட்:

கம்பியே வேண்டாம் தம்பி. தடிச்ச தங்கூசியை (தூண்டில் நைலான் நரம்பு) மூணு பிரியாக முறுக்கிக் கட்டு. உப்புக்கு ஒன்றும் ஆகாது. வெயில்தான் அதற்கு ஆகாது, நிழலில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடு. முடிச்சை மரத்தில் இறுக்கிப் போடாதே, மரம் பருக்கும்போது பட்டையை அறுத்துவிடும்.

உங்கள் விளையாட்டு எனக்குத் தெரியாது, என் மகன் சொல்லித்தான் இதைப் படித்தேன். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு கரையில் என்னென்னவோ ஒதுங்கும். மூடி போட்ட பெட்டி ஒதுங்கினால் எங்கள் ஆட்கள் தொட மாட்டார்கள், போலீசுக்குத்தான் சொல்வார்கள். கடலோரம் இல்லையா? டப்பா மேலேயே தமிழில் பெரிதாக எழுது. இது விளையாட்டுப் பொருள், ஆபத்து இல்லை, கிடைத்தால் இந்த மெயிலுக்குச் சொல்லுங்கள் என்று. உன் டப்பா எதிலும் இங்கிலீஷ் மட்டும்தான் இருந்ததா?

கெடிலக்கரை:

ஆமாம் அண்ணே, தளத்தில் கொடுக்கும் இங்கிலீஷ் துண்டறிக்கை மட்டும்தான், அதுவும் உள்ளே. இனி தமிழில் வெளியேயும் எழுதுகிறேன்.

சங்கராபரணி:

போட் அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம். வெளிநாட்டில் ராணுவத் தோட்டாப் பெட்டியைத்தான் சிறந்த டப்பா என்பார்கள். நம் கடற்கரையில் அதை யாரும் யோசிக்கவே கூடாது. டப்பா ஒளி ஊடுருவுவதாக இருப்பது நல்லது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும்.

தம்பி, ரிவ்யூவர் பற்றிக் கேட்டீர்கள். டிசேபிள் செய்த, அதாவது தற்காலிகமாக நிறுத்திவைத்த கேச்சை நான்கு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் காரணத்தை எழுதி, எப்போது திரும்பத் திறப்பீர்கள் என்றும் சொல்லி, இடையில் ஒரு குறிப்பும் போட்டால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். எதுவும் எழுதாமல் விட்டால்தான் ஆர்க்கைவ் ஆகும், அதாவது ஒரேயடியாக மூடப்படும். ஆர்க்கைவ் ஆனால் பழைய பதிவுகள் அழியாது, ஆனால் திரும்பத் திறப்பது லேசில்லை. லிஸ்டிங்கில் (தளத்தில் கேச்சுக்கு உள்ள பக்கம்) பருவகால அணுகல் என்ற அடையாளத்தையும் சேர்த்துவிடுங்கள்.

மழைக்காலம் முழுக்க மூட வேண்டும் என்பது என் கட்சி இல்லை. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்ததும், எண் 1 ஆனாலும் சரி, அன்றே டிசேபிள் செய்துவிடுவேன். டப்பா போனால் போகிறது. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டே ஆற்றங்கரையில் இறங்கிவிடக் கூடாது. தண்ணீர் வடிந்த பிறகும் உடனே திறக்காதீர்கள். வெள்ளத்தில் ஏறி வந்த பாம்பு கல் இடுக்கில்தான் ஒண்டும். முதலில் நீங்கள் போய்க் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, அப்புறம் மற்றவர்களைக் கூப்பிடுங்கள். கெடிலம் கேச்சை இடுக்கிலிருந்தே மாற்றிவிடலாம். புது இடம் பழைய இடத்திலிருந்து 161 மீட்டருக்குள் என்றால் ஆயத்தொலைவை நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

டிராவல் பக்கின் சொந்தக்காரருக்கு நடந்ததை எழுதிவிட்டீர்களா? அதன் எண் இருக்கும்வரை யார் கையில் கிடைத்தாலும் பதிவு செய்ய முடியும். பட்டியலில் காணவில்லை என்று குறித்தாலும் அது திரும்ப வரத் தடையில்லை. இனி செப்டம்பர் கடைசியிலேயே டிராவல் பக் போன்ற டிராக்கபிள்களை வெளியே எடுத்து, மேட்டில் இருக்கும் கேச்சுக்கு மாற்றிவிடுங்கள்.

உப்பனாறு:

எல்லோரும் டப்பாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். இடத்தைப் பற்றி நான் பேசுகிறேன், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கடலூரில் பெய்கிற மழையை வைத்து கடலூர் வெள்ளத்தைக் கணிக்க முடியாது. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று எல்லா ஊர்த் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு நம்மிடம் வருகிறது. 2024 டிசம்பரில் இங்கே மழை ஓய்ந்த பிறகுதான் நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா எல்லாம் முங்கின. அதனால் வானத்தைப் பார்க்காதீர்கள், சாத்தனூர் அணைச் செய்தியைப் பாருங்கள். கெடிலத்துக்கு இவ்வளவு பெரிய அணை மேலே இல்லை, சுற்றுவட்டார மழை பெய்தால் சட்டென்று ஏறும். இரண்டுக்கும் ஒரே விதி வைக்க முடியாது.

டப்பா வைக்குமுன் ஆறு எதுவரை வந்தது என்று அந்த இடத்திலேயே படித்துவிடலாம். பாலத் தூணில் சேற்றுக் கோடு தெரியும். அது மழையில் கழுவிப் போயிருந்தால் மரக்கிளைகளைப் பாருங்கள். வைக்கோல், கிழிந்த பாலிதீன், சேலைத் துணி எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறதோ அதுதான் தண்ணீர் வந்த திசை. அந்தக் கிளை உயரத்துக்கு மேல் ஒரு முழம் விட்டுத்தான் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வயதானவர்களிடம் கேளுங்கள். எந்தப் படிக்கட்டு வரை வந்தது என்று கை வைத்தே காட்டுவார்கள்.

சரி, மரத்தில் உயரமாகக் கட்டினால் முடிந்ததா என்றால், இல்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் முந்திரி, பலா, சவுக்கு எல்லாம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மணலில் நிற்கும் சவுக்குக்குப் பிடிமானம் குறைவு. தோப்பில்தான் வைக்க வேண்டும் என்றால் ஓரத்து மரத்தை விட்டு உள்ளே போங்கள், இல்லையென்றால் பனையைப் பாருங்கள். காந்தத்தைக் கடற்கரைப் பக்கம் மறந்துவிடுங்கள், மேல்பூச்சு உப்புக்காற்றில் உரிந்துவிடும்.

முகத்துவாரம் கேச்சுக்கு வருகிறேன். ஆட்கள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை? அதற்கு டப்பா அங்கே இருக்க வேண்டியதில்லை. மல்டி கேச்சாக, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட கட்டம் உள்ள கேச்சாகப் போடுங்கள். முகத்துவாரத்தில் பார்த்து விடை கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு கேள்வி, டப்பா மட்டும் மேட்டுப் பகுதியில். அந்த முதல் கட்டத்தில் பொருள் எதுவும் இல்லாததால் ஒரு கேச்சுக்கும் அடுத்த கேச்சுக்கும் 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதியும் அதற்குப் பொருந்தாது. பழைய லிஸ்டிங்கை ஆர்க்கைவ் செய்துவிட்டுப் புதிதாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்த வழி எர்த் கேச். அதில் டப்பாவே கிடையாது. அந்த இடத்தின் மண்ணையும் பாறையையும் பார்த்துக் கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். கோடையில் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது, வெள்ளம் வந்து அதை உடைத்துத் திறக்கிறது. இதை நேரில் பார்த்துப் புரிந்துகொள்ள தாழங்குடா போல இடம் கிடைக்காது. கேப்பர் மலையும் அப்படித்தான். நம் ஊர் பெயரிலேயே கடலூர் மணற்கல் என்று ஒரு பாறை அடுக்கு இருக்கிறது, திருவக்கரை கல்மரங்கள் கிடைப்பதும் அதில்தான். எதுவானாலும் நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கிவிட்டு எழுதுங்கள்.

கெடிலக்கரை:

அண்ணா, எர்த் கேச் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. முகத்துவாரத்துக்கு அதுதான். கெடிலம் கேச்சை இடுக்கிலிருந்து எடுத்து, தண்ணீர் தடத்துக்கு மேல் பிரீஃபார்மில் வைக்கிறேன். சவுக்குத் தோப்பில் காந்தத்தை எடுத்துவிட்டு உள்மரத்தில் தங்கூசி. டிராவல் பக்கின் சொந்தக்காரருக்கு இன்றே எழுதுகிறேன், சங்கராபரணி அக்கா.

ஒரே சந்தேகம். முகத்துவாரத்தில் மணல் திட்டு மாதத்துக்கு மாதம் இடம் மாறும். கேள்விக்கு விடையும் மாறிப்போனால் எப்படிச் சரிபார்ப்பது?

உப்பனாறு:

விடை மாறட்டும், அது நல்லதுதான். நீங்கள் போன அன்று முகத்துவாரம் திறந்திருந்ததா, மூடியிருந்ததா, திட்டு எந்தப் பக்கம் நீண்டிருந்தது, அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். தேதியோடு பதில் வரும். அந்த மாதம் மழையா வறட்சியா என்பதை வைத்தே சரிபார்த்துவிடலாம். எல்லாப் பதில்களையும் சேர்த்து வையுங்கள், சில வருஷத்தில் அந்த முகத்துவாரத்துக்கு ஒரு பதிவேடே கிடைத்துவிடும்.

கெடிலம் கேச்சுக்குப் புது இடம் முடிவானதும் ஆயத்தொலைவை எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே போடாதீர்கள். ஞாயிறு காலை நாடாவோடு வருகிறேன், தண்ணீர் தடத்தைச் சேர்ந்தே அளந்துவிடலாம்.