வானவில் மன்றம்: மாதம் ஒரு நாள் வரும் கருவிப் பெட்டி போதுமா?

கொள்ளிடம்:
2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தமிழக அரசின் வானவில் மன்றத்தைத் தொடங்கினார்கள். 13,210 அரசுப் பள்ளிகள், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள். 710 கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் கருவிகளோடு போய் அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்ய வைப்பார்கள் என்பது திட்டம். நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வகுத்துப் பாருங்கள், ஒரு கருத்தாளருக்குப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளிகள் வருகின்றன. மாதத்தில் வேலைநாள் இருபது சொச்சம்தான். ஒரு பள்ளிக்கு மாதம் ஒரு நாள், அதையும் மூன்று வகுப்புகள் பங்கு போட வேண்டும். மற்ற நாளெல்லாம் பழையபடி வினா விடை எழுதிப் போடுவதுதான். இந்தப் பணத்தைப் பள்ளிக்கே சொந்தமான கருவிகளுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேன்சிட்டு:
ஐயா, நான் அப்படி ஒரு நடுநிலைப் பள்ளியில்தான் அறிவியல் எடுக்கிறேன். ஆய்வகத்துக்குத் தனி அறை கிடையாது, உதவியாளரும் கிடையாது. மூன்று வகுப்புக்கும் அறிவியலுக்கு நான் ஒருத்திதான். இதற்கிடையில் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் போட வேண்டிய பதிவுகள் வேறு. "பள்ளிக்கே கருவி கொடுங்கள்" என்கிறீர்கள். கொடுத்த கருவி பூட்டிய பீரோவில் கிடப்பதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம்.

கருத்தாளர் வரும் நாளில் அந்தப் பயம் இல்லை. மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டுச் சிவந்ததும், "எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகுமா டீச்சர்?" என்று கேட்டது, பாடத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளை. அந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வந்தாலும் எனக்கு வேண்டும்.

வெண்பலகை:
டீச்சர் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கேள்வி அடுத்த நாளும் வர வேண்டும் அல்லவா? அதற்கு வழி உண்டு என்று மத்தியப் பிரதேசத்தில் காட்டியிருக்கிறார்கள். 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் அது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராமப்புற மையம் ஆகிய இரண்டு அமைப்புகள் முன்னெடுத்தன. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் போய் உழைத்தார்கள். 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது.

அங்கே பிள்ளைகள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து தாங்களே சோதனை செய்தார்கள். பாடநூலே சோதனைகளும் கேள்விகளுமாகத்தான் இருந்தது, விடை அச்சிடப்படவில்லை. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பல வாரப் பயிற்சி, அப்புறம் மாதந்தோறும் கூட்டம். எல்லாவற்றையும் விட முக்கியம் தேர்வு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. தேர்வு மாறியதால் வகுப்பும் மாறியது. நம்மிடம் மாறாமல் இருப்பது அந்த ஒன்றுதான்.

மணப்பாறை அப்பா:
பெற்றோராகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அந்த 25-ஐ ஏறக்குறைய எல்லாருக்கும் முழுசாகப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நீட் இருக்கிறது, அதில் செய்முறையே கிடையாது. என் மகள் பல்பும் பேட்டரியும் வைத்து விளையாடினால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு மதிப்பெண்ணில் இடம் போகும் ஊரில் "புத்தகத்தைத் திறந்து வைத்து எழுது" என்று பழக்கிவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் கைவிட்டால் பாதிக்கப்படுவது அரசுப் பள்ளிப் பிள்ளைதான். வசதியுள்ள பிள்ளைக்குக் கோச்சிங் இருக்கிறது.

வெண்பலகை:
உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நான் பேசுவது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பைப் பற்றி. அங்கே நீட் இல்லை, பொதுத்தேர்வும் இல்லை. 2012-இல் வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத்தினூடே வகுப்பிலேயே செய்யும் மதிப்பீட்டுக்கு, 40 மதிப்பெண், அதில் பாதி செயல்பாடுகளுக்கு. இடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தில் நாம் என்ன வைத்திருக்கிறோம்? கடையில் வாங்கிய சார்ட், அம்மா ஒட்டிக்கொடுத்த படம். அதற்குப் பதிலாக, பிள்ளை தானே பயறு முளைக்கவைத்து எழுதிய குறிப்புக்கு மதிப்பெண் கொடுத்தால் யாருடைய இடமும் போய்விடாது.

தேன்சிட்டு:
ஹோஷங்காபாத் கதையின் முடிவை நீங்கள் சொல்லவில்லையே. 2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டு உழைப்பு, ஆயிரம் பள்ளிகள் அளவுக்கு வளர்ந்தது, ஒரே முடிவில் போயிற்று. பாடநூல், தேர்வு, பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியதால்தான் ஓர் ஆணையில் எல்லாமே சேர்ந்து விழுந்தது என்று நினைக்கிறேன். பாடத்திட்டத்தைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடும் திட்டத்துக்கு ஆழம் குறைவுதான், ஆனால் அதை எதிர்க்க யாருக்கும் காரணம் கிடைக்காது.

கொள்ளிடம்:
டீச்சர், இதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். யாரும் எதிர்க்காத திட்டத்தை ஒரு நிதியாண்டில் பணம் ஒதுக்காமலே நிறுத்திவிடலாம், கேட்கவும் ஆள் இருக்காது. ஹோஷங்காபாத்தை மூடியபோது நாடெங்கும் ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதில் உருவானவையும் அழியவில்லை. எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா 1978-இல் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூப்பையும் வைத்து அவர் வடிவங்கள் செய்யத் தொடங்கியது அந்த ஊர்ச் சந்தையில் கிடைத்த பொருளால்தான். இன்றைக்கு அவருடைய பொம்மைகளின் காணொளிகள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறுவர்களுக்கான துளிர் அறிவியல் இதழ் 1987-இலிருந்து வருகிறது. சரக்குக்குப் பஞ்சமே இல்லை. அதை வகுப்பில் எடுத்துச் செய்ய ஆசிரியருக்கு நேரமும் துணிச்சலும்தான் வேண்டும்.

தேன்சிட்டு:
நேரத்தை யார் தருவது என்பதுதான் என் கேள்வி. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார்கள், போகிறோம். நான் போன கூட்டங்களில் பெரும்பாலும் காணொளி ஓடும், படிவம் நிரப்புவோம், கலைவோம்.

வெண்பலகை:
அந்த நாளைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கருத்தாளர் அன்று பிள்ளைகளுக்குப் பதிலாக ஆசிரியர்களிடம் வரட்டும். அடுத்த மாதப் பாடத்தின் சோதனைகளை எல்லாரும் கையால் செய்து பார்த்துவிட்டு, பொருளோடு பள்ளிக்குத் திரும்பட்டும்.

தேன்சிட்டு:
ஆசிரியர்களிடம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "பிள்ளைகளுக்குப் பதிலாக" என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பயிற்சிக்குத் தனி நாள் கேளுங்கள், அந்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கும். வண்டி பள்ளிக்கு வரும் நாளில் கை வைக்காதீர்கள்.

மணப்பாறை அப்பா:
மனு எழுதினால் இதையும் சேருங்கள்: சோதனையில் கருவி உடைந்தால் ஆசிரியர் தன் கைக்காசைப் போட வேண்டியதில்லை என்று எழுத்தில் ஓர் ஆணை. பீரோ திறக்க அதுதான் முதலில் வேண்டும்.