உதவி: டியூன் செய்த அம்பாசிடர் 1.5 இன்ஜின், சென்டர் மெயின் பேரிங் போயிடுச்சு. கிராங்க்கை 30 சைஸ் அடிக்கலாமா?

காட்பாடி அம்பி

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வச்சிருந்த மார்க் 3 அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல், அந்தக் கால பி.எம்.சி. இன்ஜின்தான். போன வருஷம் இன்ஜினை இறக்கி முழு வேலை பார்த்தோம். ஹெட்டை ஸ்கிம் பண்ணி கம்ப்ரஷன் ஏத்தினோம். இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், வேற கேம். ஃப்ளைவீலையும் லேத்ல குடுத்து எடை குறைச்சாச்சு. கிராங்க் (பிஸ்டன் ஏறி இறங்கறதைச் சுத்தா மாத்தற தண்டு) 20 சைஸ் கிரைண்டிங், அதாவது தேஞ்ச இடத்தை அந்த அளவுக்குச் சீவினது, புது பேரிங் செட்.

ஆரம்பத்துல வண்டி சும்மா பறந்துச்சு. கத்திரி வெயில் தொடங்கினதும் தொல்லையும் தொடங்கிச்சு. வாலாஜா டோல் வரைக்கும் ஓட்டிட்டு வந்து ஐட்லிங்ல விட்டா ஆயில் பிரஷர் முள் 10-க்குக் கீழ படுத்துக்குது. ஹைவேல ஓடும்போதே 30-ஐத் தாண்ட மாட்டேங்குது. போன ஞாயிறு ஏலகிரி போய் இறங்கினதும் அடியிலிருந்து கனமா ஒரு கடகட சத்தம். ஆக்சிலேட்டரை லேசா விட்டுப் பிடிச்சா அதிகமா கேக்குது.

சம்ப்பை (அடி ஆயில் தொட்டி) கழட்டிப் பார்த்தா, சென்டர் மெயின் பேரிங்கோட (கிராங்க்கை நடுவுல தாங்கற பேரிங்) கீழ்ப் பாதி செல்லுல செம்பு நிறம் நல்லாத் தெரியுது. முன்னாடி, பின்னாடி மெயின் ரெண்டும் பரவாயில்லை. லேத்காரர் "30 அடிச்சு புது பேரிங் போட்டா முடிஞ்சுது"ங்கிறார். சைஸ் இறங்க இறங்க கிராங்க் மெலிஞ்சு உடைஞ்சிடாதா? இல்ல, ஆயிலைக் கொஞ்சம் தடிமனாப் போட்டு ஓட்டலாமா?

குடியாத்தம் ரோடு

இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டம் தம்பி? அந்த இன்ஜினைக் கடாசிட்டு இசுசு 1.8 ஏத்து. அஞ்சு மெயின் பேரிங், மேல கேம். ஆர்.டி.ஓ.ல ஆர்.சி.ல ஏத்திக்கினா வேலை முடிஞ்சுது.

ராணிப்பேட்டை பட்டறை

இசுசு நல்ல இன்ஜின்தான், மறுக்கலை. ஆனா தம்பி கேட்டது வேற.

முதல்ல ஆயில். தடிமனான ஆயில் ஊத்தினா முள் ஏறும், சத்தம் அமுங்கும், செம்பு தெரியற பேரிங் அப்படியேதான் இருக்கும். மேல்பூச்சு தேய்ஞ்சு போனாத்தான் உள்ள இருக்கிற செம்பு தெரியும். இந்த இன்ஜின் சூடா ஓடும்போது 50 பி.எஸ்.ஐ. பக்கம் காட்டணும். நீங்க சொல்ற 30, 10 எல்லாம் வண்டியை வெளிய எடுக்கவே கூடாத அளவு.

30 சைஸ் பயம் வேணாம். 30-ன்னா அங்குலத்துல ஆயிரத்துல முப்பது பங்கு, முக்கால் மில்லிமீட்டர்தான். பிக் எண்ட் பின், அதான் பிஸ்டன்லிருந்து வர்ற கான் ராடு கிராங்க்ல மாட்டற இடம், ஏறக்குறைய 48 மில்லி. அதுல முக்கால் மில்லி போனா வளைவைத் தாங்கற சக்தி நூத்துக்கு அஞ்சு பங்குகூட முழுசாக் குறையாது. கிராங்க் அதனால உடையறதில்லை. மூலையிலதான் உடையும்.

கிராங்க்கை வெளிய எடுத்துத் துடைச்சு, பின்னும் வெப்பும் (பின்னைப் பிடிச்சிருக்கிற பக்கத் தகடு) சேர்ற மூலைகள்ல நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க. நகம் வழுக்கிக்கிட்டு ஏறணும். சதுரமா இடிச்சு நின்னா அங்க ரேடியஸ் (மூலை வளைவு) இல்லைன்னு அர்த்தம். கிரைண்டிங் கல்லோட விளிம்பை வைரத்தால உருட்டி டிரெஸ் பண்ணாம அப்படியே கிரைண்டிங் போட்டா இப்படித்தான் ஆகும். துணிக்கடையில ஓரத்துல கத்திரியால ஒரு வெட்டு வச்சுட்டு மீதியைக் கையால கிழிப்பாங்களே, அந்த வெட்டு மாதிரிதான் சதுர மூலை. எல்லா மூலையையும் பார்த்துட்டு எழுதுங்க.

இன்னொண்ணு. ஏலகிரியில ஏறும்போது ஆர்.பி.எம். எவ்வளவு வச்சீங்க, இறங்கும்போது எவ்வளவு?

காட்பாடி அம்பி

நன்றிண்ணா. ஏறும்போது 4500, மிஞ்சிப் போனா 5000. இறங்கும்போது பிரேக் சூடாகக் கூடாதுன்னு செகண்ட்லயே இறக்கினேன். சில கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி முள் 6000-ஐத் தொட்டிருக்கும். ஆனா கால் ஆக்சிலேட்டர்லயே இல்லையே, இன்ஜினுக்கு லோடு கிடையாதுதானே?

எந்திரவியல் மாணவி

அண்ணா, அங்கதான் விஷயமே இருக்கு. பிஸ்டன் மேல போய்த் திரும்பும்போது அதோட எடை கான் ராடு வழியா கிராங்க்கைப் பிடிச்சு மேல இழுக்கும். எரிப்பு நடக்கிற ஸ்ட்ரோக்ல கேஸ் அழுத்தம் எதிர்ப்பக்கம் தள்ளறதால இழுப்பு ஓரளவு கழியும். எக்ஸாஸ்ட் முடியற இடத்துல கழிக்க ஆளே இல்லை. த்ராட்டிலை மூடிட்டு 6000-ல இறங்கினா எல்லாச் சுத்துலயும் இழுப்பு கிட்டத்தட்ட முழுசா விழும்.

இந்த இழுப்பு ஆர்.பி.எம்.மோட வர்க்கத்துல ஏறும். பழைய அம்பாசிடர் இன்ஜினோட உச்ச சக்தி 4200 பக்கம்தான். 4200-லிருந்து 6000-க்குப் போனா ரெண்டு மடங்கு. இந்த இன்ஜினுக்கு ஸ்ட்ரோக் வேற நீளம், 88.9 மில்லி. 6000-ல பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 18 மீட்டர். தெரு வண்டிக்கு இது ரொம்ப அதிகம்.

சென்டர் மெயின் மட்டும் தேஞ்சதுக்கும் இதே காரணம்தான். மூணு பேரிங் கிராங்க்ல 2-ம் 3-ம் ஒரே நேரத்துல மேல போகும், ஒரே நேரத்துல கீழ வரும். ரெண்டோட இழுப்பும் நடு பேரிங் மேல சேர்ந்து விழும். 1-க்கும் 2-க்கும் நடுவுல, 3-க்கும் 4-க்கும் நடுவுல பேரிங்கே கிடையாது. அதனால கிராங்க் ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் வில்லா வளைஞ்சு நிமிரும்.

ஆம்பூர் பாய்

மாணவி சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா மூணு பேரிங்னாலே ஆகாதுன்னு யாரும் நினைச்சிடாதீங்க. இதே 1489 சிசி, இதே போர், இதே ஸ்ட்ரோக், மூணே பேரிங்கோட எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார்ல 5500 ஆர்.பி.எம்.ல 72 குதிரைசக்தி குடுத்துச்சு. அப்புறம் வந்த எம்.ஜி.பி. 1800 கூட முதல்ல மூணு பேரிங்தான். 1964 கடைசியிலதான் அதை அஞ்சாக்கினாங்க. 

தம்பிக்கு 5500 வரைக்கும் இந்த கிராங்க் தாங்கும், ஒழுங்காச் செஞ்சிருந்தா. ஃப்ளைவீலைக் குறைச்சேன்னீங்களே, திரும்ப பேலன்ஸ் பண்ணீங்களா?

காட்பாடி அம்பி

ஃப்ளைவீல் பேலன்சிங் பண்ணலை பாய். "லேத்ல சுத்தினது, தானா பேலன்ஸ் ஆகியிருக்கும்"னு சொன்னாங்க.

இன்னைக்கு கிராங்க்கை வெளிய எடுத்துட்டேன். பட்டறை அண்ணா சொன்ன மாதிரி நகம் வச்சுப் பார்த்தேன். மெயின்ல பரவாயில்லை, பிக் எண்ட் நாலுலயும் மூலை சதுரம். பேரிங் செல்களோட ஓரத்தைப் பார்த்தேன், அங்க உரசல் இல்லை. கிராங்க்கைக் கயித்துல தொங்கவிட்டு சின்னச் சுத்தியால தட்டினேன். முன் பக்கம் கணீர்னு மணி மாதிரி நீண்டுச்சு. நடுவுல மொத்துன்னு நின்னுடுச்சு. மண்ணெண்ணெய் தடவி, துடைச்சு, சாக்பீஸ் தூள் தூவி வச்சேன். காபி குடிச்சுட்டு வந்து பார்த்தா மூணாம் நம்பர் பின்ல, சென்டர் மெயின் பக்க மூலையில, முடி கனத்துக்கு ஒரு ஈரக் கோடு. சுமார் கால் அங்குல நீளம். இதை வெல்டிங் வச்சு, கிரைண்டிங் போட்டு சரி பண்ணலாமா?

ராணிப்பேட்டை பட்டறை

கூடாது. வெல்டிங் சூடு பக்கத்து இரும்பைக் கெடுக்கும், அடுத்த விரிசல் அங்கிருந்து கிளம்பும். பின் தேஞ்சிருந்தா மெட்டல் ஏத்திக் கடையலாம். விரிசல் விழுந்த கிராங்க்குக்கு எந்த வைத்தியமும் கிடையாது. அதைப் பழைய இரும்புக்குப் போடுங்க. போடறதுக்கு முன்னாடி கிரைண்டர்ல ரெண்டு வெட்டு வச்சுடுங்க, வேற யாராவது அதை எடுத்து வண்டியில மாட்டிடப் போறாங்க.

நல்ல வேளை, சத்தம் கேட்டதும் நிறுத்தினீங்க. இதே கோடு முழுசா ஓடியிருந்தா கான் ராடு பிளாக் பக்கத்தைக் கிழிச்சுக்கிட்டு வந்திருக்கும். அப்புறம் பிளாக்கையும் தேடணும்.

குடியாத்தம் ரோடு

அதான் சொன்னேன், இசுசு.

ஆம்பூர் பாய்

அப்பா வண்டி, அந்தச் சத்தத்தோடயே ஓடட்டும் நைனா.

தம்பி, சென்னை புதுப்பேட்டையில இந்த கிராங்க் இன்னும் கிடைக்குது. ஸ்டாண்டர்டோ 10 சைஸோ இருக்கிறதாப் பார்த்து எடுங்க. கடைக்காரர்கிட்ட "கிராக் டெஸ்ட்ல தேறலைன்னா திருப்பிக் குடுப்பேன்"னு முதல்லயே பேசிடுங்க. பணம் குடுத்த பிறகு பேசினா நடக்காது. டெஸ்ட்டை சாக்பீஸோட விட்டுடாதீங்க, மேக்னடிக் டெஸ்ட் (காந்தம் வச்சு விரிசல் தேடறது) பண்ற இடத்துல குடுத்துப் பார்த்துடுங்க. சாக்பீஸ் பெரிய விரிசலைத்தான் காட்டும்.

எந்திரவியல் மாணவி

நைட்ரைடிங் (சூடு வச்சு மேல்தோலைக் கெட்டியாக்கறது) பண்றதா இருந்தா வரிசை முக்கியம். கிரைண்டிங் முதல்ல, நைட்ரைடிங் அப்புறம். அந்தக் கெட்டியான தோல் மில்லிமீட்டர்ல சின்னப் பங்குதான், மேல ஒரு சைஸ் கிரைண்டிங் போட்டா போயே போச்சு. 500 டிகிரிக்கு மேல சூடாகிறதால கிராங்க் லேசா வளையவும் வாய்ப்பு இருக்கு. வந்ததும் ரெண்டு வீ-பிளாக் மேல வச்சு, நடு மெயின்ல டயல் கேஜ் வச்சுச் சுத்திப் பாருங்க.

5500-ஐத் தாண்ட மாட்டேன்னு உறுதியா இருந்தா நைட்ரைடிங் இல்லாமலும் ஓட்டலாம். அந்தக் காசை பேலன்சிங்குக்குப் போடுங்கன்னுதான் சொல்வேன்.

ராணிப்பேட்டை பட்டறை

ஆமா, பேலன்சிங்தான் முதல். லேத்ல சுத்தினா வெளிவட்டம் வட்டமா இருக்கும், அவ்வளவுதான். உள்ள எடை எப்படி இருக்குன்னு லேத்துக்குத் தெரியாது. கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் கவர், முன் புல்லி எல்லாத்தையும் சேர்த்து மெஷின்ல ஏத்தணும், சேர்த்த நிலையைக் குறி போட்டு வச்சுக்கணும். பிஸ்டனும் கான் ராடும் நாலும் ஒரே எடை. கான் ராடைப் பெரிய முனை, சின்ன முனைன்னு தனித்தனியா எடை பார்க்கணும், மொத்தமா தராசுல வச்சாப் போதாது.

கிரைண்டிங்குக்குக் குடுக்கும்போது நீங்களே பக்கத்துல நில்லுங்க. "மூலையில பழைய ரேடியஸ் அப்படியே வரணும்"னு சொல்லி ரேடியஸ் கேஜ் வச்சுக் காட்டச் சொல்லுங்க. முகம் சுளிச்சா வேற பட்டறை பாருங்க. ரேடியஸ் அளவுக்கு மேல பெருசாயிட்டாலும் தொல்லைதான், பேரிங் செல்லோட ஓரம் அதுல ஏறி உக்காந்துக்கும். ஆயில் ஓட்டை வாயை லேசா உருட்டி, உள்ள மண்ணெண்ணெய் அடிச்சு, பிரஷ் விட்டு, காத்து அடிங்க. கிரைண்டிங் தூள் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். புது பேரிங்கை ஒரே நாள்ல தின்னுடும்.

கிளியரன்ஸ் (பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடைவெளி) பழைய கணக்குதான்: ஷாஃப்ட் ஒரு அங்குலத்துக்கு ஆயிரத்துல ஒரு பங்கு. மெயின் ரெண்டு அங்குலம், அப்போ 0.002 அங்குலம் பக்கம். பிளாஸ்டிகேஜ் நூல் (நசுங்கின அகலத்தை வச்சு இடைவெளியைக் காட்டும்) வச்சு ஒவ்வொண்ணாப் பாருங்க, ஒண்ணைப் பார்த்துட்டு மத்ததை ஊகிக்காதீங்க. டார்க் ரெஞ்ச் இல்லாம மாட்டாதீங்க: மெயின் 70 அடி-பவுண்டு, பிக் எண்ட் 35.

காட்பாடி அம்பி

எல்லாருக்கும் நன்றி. புதுப்பேட்டையில ஒரு கிராங்க் கிடைச்சுது, 10 சைஸ். மேக்னடிக் டெஸ்ட்ல சுத்தம். பேலன்சிங்குக்குச் சென்னையிலயே குடுத்துட்டேன். கடைசியா ஒரு சந்தேகம், ஏலகிரி இறங்கும்போது இனிமே எந்த கியர்?

ஆம்பூர் பாய்

கேள்வி கியர் இல்ல தம்பி, முள். செகண்ட்ல 4000-ஐத் தாண்டறதுக்கு முன்னாடியே பிரேக்கைத் தொட்டு வேகத்தை இறக்கிடுங்க. விட்டு விட்டு மிதிச்சா பிரேக் அவ்வளவாச் சூடாகாது, கால் எடுக்காம அழுத்திக்கிட்டே வந்தா ரொம்பச் சூடாகும். டிரம் லைனிங்கையும் ஒரு தடவை பார்த்துடுங்க. இன்ஜினுக்கு இவ்வளவு செலவு பண்ணிட்டு பழைய லைனிங்கோட மலை இறங்காதீங்க.