பங்க் கட்டில் ட்ரெய்லர் பார்க்கப் போகும் முன் உங்கள் வண்டியின் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியேறி இரண்டு கோடை கழிந்ததும் பிள்ளை குட்டிக்காரர்கள் பலருக்கு வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீடு மாதிரியான ட்ரெய்லர் ஒன்று வாங்கும் ஆசை வந்துவிடுகிறது. கூடாரத்தில் ஒரு மழை ராத்திரியைக் கழித்தவர்களுக்கு இன்னும் சீக்கிரமே வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது.

புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி வைத்திருக்கிறேன். 5,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டு பங்க் (அடுக்குக் கட்டில்) வைத்த ட்ரெய்லர் ஒன்று பார்த்தோம், எடை 4,200 பவுண்டுதான். அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?”

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோட். 1,250 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் சேர்ந்து 450. டிக்கியில் பெட்டி, ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாம் 120. ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கியான ஹிட்ச் 80. மிச்சம் 600.

இனி ட்ரெய்லருக்கு வருவோம். 4,200 என்பது காலி எடை, அதாவது டேங்கில் தண்ணீர் இல்லாமல், பாத்திரம், போர்வை, துணிமணி எதுவும் இல்லாமல். 40 காலன் டேங்கை நிரப்பினாலே சுமார் 330 பவுண்டு கூடும். ஒரு குடும்பம் பயணத்துக்குக் கிளம்பும்போது 5,200-ஐத் தொட்டுவிடும். அதில் 10 முதல் 15 சதவீதம் வரை ஹிட்ச்சின் மேல் இறங்க வேண்டும், அதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். 13 சதவீதம் என்றால் 676. உங்களிடம் மிச்சம் இருப்பதோ 600. அதோடு 5,000 இழுக்கும் வண்டிகள் பலவற்றில் ஹிட்ச்சுக்கு 500 பவுண்டு என்று தனியாக ஒரு வரம்பும் உண்டு.

ஆக, அந்த ட்ரெய்லர் உங்கள் வண்டிக்கு ஒத்துவராது. விற்பவர் “தாராளமாக இழுக்கும்” என்பார். எங்களிடமும் ஒருவர் சொன்னார். அவர் வண்டிக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ட்ரெய்லரின் காலி எடையை விட்டுவிட்டு, அதிகபட்ச எடை என்று அதன் ஸ்டிக்கரில் போட்டிருப்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம் ஏமாற்றம் இருக்காது.

எடை சரிப்பட்ட ட்ரெய்லர்களை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு பங்க்கில் ஏறிப் படுக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு எட்டு வயதுப் பையன் இன்னும் ஐந்து வருடத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பான்? மெத்தையின் நீளத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். மேல் பங்க்கில் எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கிறதா, ஏசி காற்று அங்கே வருகிறதா, இதையெல்லாம் அங்கேயே பார்த்துவிடலாம். பங்க் எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் கேளுங்கள். இலகுவான சில மாடல்களில் 150 பவுண்டுதான், சிலவற்றில் 300 வரை போகும்.

வீட்டில் போடும் அடுக்குக் கட்டிலில் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை மேலே படுக்க வைக்க வேண்டாம் என்று அமெரிக்காவில் எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். ட்ரெய்லருக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும். ட்ரெய்லரோடு வரும் மெத்தை மெல்லிசாக இருக்கிறதே என்று பாசத்தில் தடிமனான மெத்தை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. மெத்தை உயர உயரத் தடுப்பு தாழ்ந்துவிடும் என்பது அப்போது தோன்றுவதில்லை.

சிவப்புக் கைப்பிடி வைத்த அவசர ஜன்னல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதைப் பிள்ளையே திறந்து பார்க்கட்டும்.

அடுத்தது ஸ்லைடு, அதாவது நிறுத்தியபின் வெளியே தள்ளி விரித்துக்கொள்ளும் பகுதி. கடையில் எப்போதும் அதை விரித்துத்தான் வைத்திருப்பார்கள், உள்ளே நுழைந்ததும் கூடம் மாதிரி இருக்கும். மூடிக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்ததில் ஸ்லைடை மூடினால் சோஃபா வந்து பாத்ரூம் கதவை அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் டிரக்குகள் நெருக்கி நிற்கும் ஓய்விடம், ஸ்லைடை விரிக்க இடமில்லை. சின்னவள் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள். எங்கள் சொந்தப் பாத்ரூம் கையெட்டும் தூரத்தில் இருந்தும், அவளைத் தூக்கிக்கொண்டு பொதுக் கழிப்பறைக்கு ஓடினேன்.

பழைய ட்ரெய்லர் வாங்குவதானால் முதல் எதிரி தண்ணீர். பங்க் பெரும்பாலும் பின் மூலையில் இருக்கும், கூரை ஓரத்தில் கசிந்தால் அங்கேதான் இறங்கும். மேல் பங்க் மெத்தையை முழுக்கத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புக் கறை, உப்பிய பலகை, மக்கிய வாடை, கையால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும் சுவர், இவற்றில் ஒன்று இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். டயரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் செய்த தேதியைச் சொல்லும். 2321 என்றால் 2021-இன் 23-வது வாரம்.

பங்க் ட்ரெய்லரில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு வம்பு இருக்கிறது. கிளம்பும்போது பங்க் காலியாகத்தானே கிடக்கிறது என்று சைக்கிளும் கனமான பெட்டிகளும் அங்கே போய்விடும். பின்னால் எடை ஏற ஏற முன்னால் டங் வெயிட் குறைகிறது. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேகத்தில் ட்ரெய்லர் வால் மாதிரி இடவலமாக ஆட ஆரம்பிக்கும். ஒருமுறை ஆடிவிட்டால் அப்புறம் ஸ்டீயரிங்கைப் பிடித்த கை நடுக்கம் நிற்க ஒரு மணி நேரமாகும். கனமானதைச் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தரை மட்டத்தில் வையுங்கள். பங்க்கில் தலையணையும் போர்வையும் போதும். ட்ரெய்லர் பிரேக்கை வண்டியிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஹிட்ச்சும் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

நீளத்தில் மாடல் பெயரை நம்ப முடியாது. 26 என்று பெயரில் இருப்பது முன்கொக்கியோடு 30 அடி வரும். பூங்காக்களில் ட்ரெய்லர் நிறுத்தும் ஒவ்வொரு இடத்துக்கும் நீள வரம்பு போட்டிருப்பார்கள். வீட்டு வாசலில் நிறுத்தலாமா என்பது அதைவிட முக்கியம், டவுன்ஹவுஸ் சங்கங்கள் பல விடுவதில்லை. வெளியே நிறுத்தினால் மாத வாடகை. லைசென்ஸ் வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கனடாவின் ஒன்டாரியோவில் கார் ஓட்டுவதற்கான முழு ஜி லைசென்ஸ் இருந்தால் 4,600 கிலோ வரை இழுக்கலாம், குடும்ப ட்ரெய்லருக்கு அது தாராளம். இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தம்பி, வாங்கும் முன் இதே அளவில் ஒன்றை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். மழை வரும் என்று வானிலை சொன்னாலும் ரத்து செய்ய வேண்டாம். நான்கு பேரும் ஒரு பகல் முழுக்க உள்ளேயே அடைந்து கிடந்தால் பங்க்கில் படுத்துப் புத்தகம் படிக்க வெளிச்சம் போதுமா, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் யார் வழிவிடுவது என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.