பொண்ணுக்கு பியானோ வாங்கணும், டிஜிட்டலா அகூஸ்டிக்கா?

ராகமாலிகா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு பத்து வயசு, இதுவரைக்கும் 61 கட்டை கீபோர்டுலதான் வாசிச்சிட்டிருந்தா, இனிமே இது பத்தாது பியானோ வாங்கிடுங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. நாங்க இருக்கறது மூணாவது மாடி, சுவத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். வீட்ல அவர் கரண்ட்ல ஓடற டிஜிட்டலே போதும்ங்கறார், எனக்கு என்னமோ பழைய அப்ரைட் (நிஜக் கம்பி வச்சு நிமிந்து நிக்கற அகூஸ்டிக் பியானோ) ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, மனசு பூரா அது மேலதான். எதை வாங்கட்டும்?

கறுப்புக்கட்டை:
அகூஸ்டிக் வாங்குங்க மேடம். நான் பியானோ சொல்லித் தர்றவ. டிஜிட்டல்லயே பழகின பசங்க நிஜ பியானோ முன்னாடி உக்காந்தா ஒண்ணு சத்தமே வராது, இல்ல தடார்னு அடிக்கும், ஏன்னா வீட்ல வால்யூமைத் திருகியே பழகிட்டாங்க, விரலாலதான் சத்தத்தைக் கூட்டணும் குறைக்கணும்ங்கறது அவங்களுக்குத் தோணறதே இல்ல. ஒண்ணு பண்ணிப் பாருங்க, கட்டை வரிசைக்கு நடுவுல இருக்கற சி ஸ்வரத்துக்கு (நடு சி) ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழ இருக்கற சி-யை சத்தம் வராம மெதுவா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நடு சி-யை டக்குனு அடிச்சு விட்டுடுங்க. அடிச்ச கம்பி நின்னுடும், அடிக்காத கம்பி முனகிட்டே இருக்கும். இதைக் கேட்டு வளர்ற காது வேற.

ஹெட்போன்ராத்திரி:
டீச்சர், அந்த முனகல் இப்ப வர்ற நல்ல டிஜிட்டல்லயும் இருக்கு, ஸ்ட்ரிங் ரெசொனன்ஸ்னு தனியா மாடலிங் பண்ணியே போடறாங்க. மேடம் வீட்டு நிலைமையைப் பாருங்க. புள்ள ஸ்கூல் விட்டு வந்து ஹோம்வொர்க் முடிச்சு உக்காரவே ராத்திரி ஆயிடும், அப்ப பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு பயந்து மூடியை மூடி வச்சா எவ்வளவு நல்ல பியானோவா இருந்து என்ன புண்ணியம்? ஹெட்போன் மாட்டிக்கிட்டு பாட்டுல ஒரே பாரை (சின்னத் துண்டை) நாப்பது வாட்டி வாசிக்கலாம், யாருக்கும் தொந்தரவு இல்ல. அதுவும் போக அப்ரைட்டுன்னா சாதாரணமா 200 கிலோ, அதுக்கு மேலயும் போகும், மூணாவது மாடிக்கு எப்படி ஏத்துவாங்க? வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வாட்டி ட்யூனிங் (சுருதி சேக்கறது) வேற. 88 கட்டை, கீழ் ஸ்தாயியில கனமா மேல போகப் போக லேசா வர்ற கட்டை (கிரேடட் ஹேமர்), பாதி மிதிச்சாலும் அதுக்கேத்த மாதிரி கேக்கற பெடல் (ஹாஃப் பெடல்), இது மூணும் இருந்தா கண்ணை மூடிட்டு வாங்குங்க.

கறுப்புக்கட்டை:
கண்ணை மூடிட்டெல்லாம் வாங்காதீங்க. விலை கம்மியான டிஜிட்டல்ல வெளிய பாக்கறதுக்கு 88 கட்டை சரியா இருக்கும், ஆனா கட்டை உள்ள ரொம்ப குட்டை, அது ஆடற புள்ளி பக்கத்துலயே இருக்கு. அதனால ரெண்டு கறுப்புக் கட்டைக்கு நடுவுல விரலை உள்ள விட்டு வெள்ளைக் கட்டையை அமுக்கினா கல்லு மாதிரி இருக்கும். பி மேஜர்ல ஒரு கார்டு (சேந்து அடிக்கற ஸ்வரங்க) பிடிக்கச் சொல்லுங்க, தெரிஞ்சிடும். இன்னும் பல வருஷம் கழிச்சு உள்ள ஒரு எலக்ட்ரானிக் போர்டு போச்சுன்னா ஸ்பேர் கிடைக்குமான்னும் சொல்ல முடியாது.

சுருதிப்பெட்டி:
நான் பியானோ ட்யூனிங், ரிப்பேர் பண்றவன். டீச்சரம்மா சொல்றது நல்ல அகூஸ்டிக்குக்குப் பொருந்தும், பழைய அப்ரைட் எல்லாத்துக்கும் பொருந்தாது. உள்ள 230 கம்பி பக்கம் இருக்கு, மொத்த இழுவிசை பல டன். அதைத் தாங்கறது இரும்பு ஃபிரேம்தான், ஆனா சுருதியை நிக்க வைக்கிறது ஒரு மரத்துண்டுல இறுக்கமா உக்காந்திருக்கற பின்னுங்க. அந்த மரம் காஞ்சு வெடிச்சோ பின் லூசாவோ இருந்தா எத்தனை வாட்டி சேத்தாலும் சுருதி இறங்கிட்டே இருக்கும், புள்ள தப்பான சுருதியைத்தான் கேட்டு வளரும், அதுக்கு சுமாரான டிஜிட்டலே எவ்வளவோ மேல். இன்னொண்ணு, கட்டை முழுசா மேல வராமலே திரும்ப அடிக்க விடற டபுள் எஸ்கேப்மென்ட், எரார்ங்கற பியானோ தயாரிப்பாளர் 1821ல பேடன்ட் வாங்கினது, அது படுக்கை வாக்குல இருக்கற கிராண்ட் பியானோவோட மெக்கானிசம். சாதாரண அப்ரைட்டுல அது கிடையாது, ஒரே ஸ்வரத்தை வேகமா அடிக்கும்போது வித்தியாசம் தெரியும். நிஜ பியானோன்னு பேசறப்ப எது நிஜம்னும் பாக்கணும்.

மேடம், விக்கிறவங்ககிட்ட கடைசியா எப்ப ட்யூன் பண்ணாங்கன்னு கேளுங்க.

ராகமாலிகா:
கேட்டேன் சார், ஞாபகமே இல்லைங்கறாங்க, புள்ளைங்க வெளியூர் போனதுல இருந்து யாரும் தொடலையாம். வெளிய பாலிஷ் பளபளன்னு இருக்கு. நடு பெடலை மிதிச்சா சத்தம் ரொம்ப குறைஞ்சிடும், ராத்திரியும் வாசிக்கலாம்னாங்களே?

சுருதிப்பெட்டி:
பாலிஷை விடுங்க. பல அப்ரைட்டுல நடு பெடல் ஹேமருக்கும் (கம்பியை அடிக்கற சுத்தி) கம்பிக்கும் நடுவுல ஒரு ஃபெல்ட் பட்டையை இறக்கும், சத்தம் குறையும், ஆனா டச்சும் மந்தமாயிடும், சுவரு தாண்டி கேக்கவும் செய்யும். முன்பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு டெக்னீஷியனைக் கூட்டிட்டுப் போய் மேல் பலகையைத் திறக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு பின்னும் எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு ட்யூனிங் லீவரை வச்சுப் பாக்கணும், ஹேமர் நுனியில கம்பித் தடம் ஆழமா பதிஞ்சிருக்கா, ஃபெல்ட்டைப் பூச்சி அரிச்சிருக்கா, கம்பி சத்தத்தைப் பெருக்கற பலகையான சவுண்ட்போர்டுல விரிசல் இருக்கா எல்லாம் பாக்கணும். சுருதி, ஏ ஸ்வரத்துக்கு வச்சிருக்கற 440 ஹெர்ட்ஸ் அளவுல (ஏ 440) இருந்து ரொம்ப இறங்கியிருந்தா ஒரே தடவையில ஏத்த முடியாது, துருப்பிடிச்ச கம்பின்னா அறுந்துடும்.

ஹெட்போன்ராத்திரி:
சைலன்ட் சிஸ்டம் வச்ச அப்ரைட்டும் வருது மேடம், ஹேமரைக் கம்பியில படாம நிறுத்திட்டு சத்தத்தை ஹெட்போனுக்கு அனுப்பும், ரெண்டும் ஒண்ணுலயே. ஆனா பட்ஜெட் எகிறிடும், மாடி ஏத்தற பிரச்சினையும் தீராது.

ராகமாலிகா:
அது எங்களுக்கு ஆகாதுங்க. இந்த வாரமே ஆளை வச்சு பழசைத் திறந்து பாக்கறேன், பின் சரியில்லன்னா டிஜிட்டல்தான்.

கறுப்புக்கட்டை:
சரிம்மா, பின் லூசுன்னா நானும் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். டிஜிட்டல் எடுத்தா கடைக்குப் பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, அந்த பி மேஜர் கார்டை அவளே பிடிச்சுப் பாக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நிஜ பியானோ அளவுக்கு வால்யூமை ஒரு இடத்துல வச்சு அங்கேயே விட்டுடுங்க, சத்தம் கம்மியா வேணும்னா அவ விரல்லதான் குறைக்கணும். முடிஞ்சப்பல்லாம் டீச்சர் வீட்டு பியானோவுலயும் வாசிக்க விடுங்க.