என்எஃப்எல்-ல (அமெரிக்க ஃபுட்பால் லீக்) படு நஷ்டமான டிரேட் (அணிகளுக்குள் ஆட்டக்காரரை மாற்றுவது) எது? இன்னும் வாக்கர்தானா?

மூணாவதுடவுன்:
டிரேட் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் கடைசியில் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) ஹெர்ஷல் வாக்கரில் வந்து நிற்கிறோம். 1989 அக்டோபர் 12, டல்லஸ் கௌபாய்ஸிடமிருந்து மினசோட்டா வைக்கிங்ஸ் வாங்கியது. அது மோசமான டிரேட் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் 2022-ல் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) டிஷான் வாட்சனுக்காக கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் கொடுத்ததை அதற்குக் கீழே வைக்க மனம் வரவில்லை. உங்கள் கணக்கு என்ன?

விதிமுறை இரண்டே. டிராஃப்ட் பிக்குக்கு பிக் மாற்றிய கதைகள் வேண்டாம் (ரிக்கி வில்லியம்ஸ் 1999, ட்ரே லான்ஸ் 2021). கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களை அணிகள் ரவுண்ட் ரவுண்டாக எடுப்பது டிராஃப்ட், அதில் ஒருவரை எடுக்கும் முறைதான் பிக். 1983 ஜான் எல்வேயும் வேண்டாம். கோல்ட்ஸுக்கு ஆட மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்ட பிறகு அந்த அணிக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஸ்னாப்கவுண்ட்:
வாக்கர் டிரேடைப் பற்றிப் பலரும் பேசுவது "எத்தனை பிக் கொடுத்தார்கள்" என்பதைத்தான். உண்மையான ஓட்டை ஒப்பந்தத்தின் நிபந்தனையில் இருந்தது.

வைக்கிங்ஸ் அனுப்பியது ஐந்து ஆட்டக்காரர்கள்: ஜெசி சாலமன், டேவிட் ஹோவர்ட், ஐசக் ஹோல்ட், அலெக்ஸ் ஸ்டூவர்ட், டாரின் நெல்சன். நெல்சன் டல்லஸ் போக மறுத்ததால் அவரை சான் டியேகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். இவர்களோடு ஒரு முதல் ரவுண்ட் பிக். அதற்கு மேல் வந்த பிக்குகள் நிபந்தனையோடு இந்த ஆட்டக்காரர்களின் பெயரில் கட்டப்பட்டிருந்தன: 1990 பிப்ரவரி 1-க்குள் டல்லஸ் அந்த ஆளை வெளியே விட்டால், அவருக்குரிய பிக் டல்லஸுக்கு.

வைக்கிங்ஸ் மேலாளர் மைக் லின் போட்ட கணக்கு, "இவர்கள் தேறிய ஆட்டக்காரர்கள், டல்லஸ் வைத்துக்கொள்ளும், பிக் நமக்கே மிஞ்சும்" என்பது. டல்லஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனுக்கு ஆட்டக்காரர்கள் தேவையே இல்லை, பிக்தான் தேவை. வந்தவர்களை முதல் வரிசையில் ஆட விடக்கூடாது என்று தன் உதவிப் பயிற்சியாளர்களிடம் சொல்லிவைத்தார். சீசன் முடிந்ததும் எல்லாரையும் வெட்டிவிட்டு மொத்த பிக்கையும் அள்ளப் போவது லின்னுக்குத் தெரியவந்தபோது, அவர் கையில் பேரம் பேச ஒன்றும் இல்லை. கடைசியில் டல்லஸ் சில பின்வரிசை பிக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாலமன், ஹோவர்ட், ஹோல்ட் மூவரையும் வைத்துக்கொண்டது. பிக்குகளும் அங்கேயே. மூன்று ஆண்டுகளில் முதல் ரவுண்ட் 3, இரண்டாம் ரவுண்ட் 3, மூன்றாம் ரவுண்ட் 1, ஆறாம் ரவுண்ட் 1.

அந்த பிக்குகளை நேரடியாகப் பயன்படுத்தியும், மேலும் கீழும் மாற்றியும் வந்தவர்கள்தான் எமிட் ஸ்மித், ரசல் மேரிலாண்ட், கெவின் ஸ்மித், டேரன் உட்சன். எமிட்டுக்காக 21-ம் பிக்கோடு ஒரு மூன்றாம் ரவுண்டையும் ஸ்டீலர்ஸிடம் கொடுத்து 17-க்கு ஏறினார்கள். 1989-ல் 1-15 என்று கிடந்த அணி 1992, 93, 95 சீசன்களில் சூப்பர் பௌல் (லீக் இறுதிப்போட்டி) ஜெயித்தது.

வாக்கர் ஆட்டமே மறந்துபோனவர் இல்லை. முதல் ஆட்டத்தில் பேக்கர்ஸுக்கு எதிராக 148 கெஜம் ஓடினார். டல்லஸில் ஐ ஃபார்மேஷனில் பின்னால் நின்று நேராக இடித்துக்கொண்டு போய்ப் பழகியவரை, வைக்கிங்ஸ் தங்கள் பாணிக்குள் திணித்தார்கள். இரண்டரை சீசனில் மொத்தம் 2,264 கெஜம், ஒரு முறைகூட ஆயிரத்தைத் தொடவில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. திரும்பி வந்த பிக்குகளில் ஒன்றில்தான் வைக்கிங்ஸ் ஜேக் ரீடை எடுத்தது. அவர் நல்ல ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்). மொத்தமாக வெறுங்கை என்று சொல்வது சரியில்லை.

கேப்கணக்கு:
1989-ல் சேலரி கேப் (ஒரு அணியின் சம்பளச் செலவுக்கான உச்சவரம்பு) கிடையாது, அது 1994-ல்தான் வந்தது. வைக்கிங்ஸ் இழந்தது ஆட்டக்காரர்களையும் பிக்கையும் மட்டும். பிரவுன்ஸ் பிக்கையும் இழந்து கேப்பையும் இழந்தது. அதனால் எனக்கு வாட்சன்தான் முதலிடம்.

முதல் ரவுண்ட் பிக் மூன்று: 2022-ல் 13, 2023-ல் 12, 2024-ல் 23. ஜிம்மி ஜான்சன் சார்ட்டில் (ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி மதிப்புப் போடும் பட்டியல்) போட்டுப் பாருங்கள். 1150 + 1200 + 760 = 3110 புள்ளி. ஒன்றாம் பிக்கின் மதிப்பே 3000தான். அடுத்த ஆண்டு பிக்கை ஒரு ரவுண்ட் குறைத்து மதிப்பிடுவது வழக்கம் என்பதால் டிரேட் நாளன்று இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் மூன்றாம், நான்காம் ரவுண்ட் பிக்குகளும் கூடவே போயின.

வாட்சனுக்கு நோ டிரேட் உரிமை இருந்தது. எந்த அணி என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். பிரவுன்ஸ் வேண்டாம் என்று முதலில் கழித்துக்கட்டிவிட்டார். பிறகு 5 ஆண்டுக்கு 23 கோடி டாலர், முழுக்க உத்தரவாதம் என்று நீட்டியதும் மனம் மாறியது. அந்த ஒரு வரிதான் வினை. உத்தரவாதமான பணத்தில், ஆளை வெட்டினாலும் கேப்பிலிருந்து தப்ப வழியே கிடையாது.

இன்னொன்று பாருங்கள். பாலியல் புகார்களால் தடை வரும் என்று தெரிந்தே முதல் ஆண்டு அடிப்படைச் சம்பளத்தை 10.35 லட்சம் டாலராக வைத்தார்கள். மீதி எல்லாம் போனஸ். தடைக்காலத்தில் பிடித்தமாவது அடிப்படைச் சம்பளம்தான். 11 ஆட்டத் தடையில் அவருக்குப் போனது சுமார் 6.3 லட்சம், தனியாக 50 லட்சம் அபராதம். முதல் மூன்று சீசனில் ஆடியது 19 ஆட்டம்: தடை, பிறகு தோள்பட்டைக் காயம், பிறகு குதிகாலில் அக்கிலீஸ் காயம்.

வாட்சனை விற்ற டெக்சன்ஸ் பக்கம் 12-ம் பிக்கைச் சேர்த்து அரிசோனாவிடம் 3-க்கு ஏறி வில் ஆண்டர்சனை எடுத்தது. அவர் 2023-ன் சிறந்த புதுமுக டிஃபென்ஸ் ஆட்டக்காரர்.

சைட்லைன்சுப்பு:
ரெண்டு பேரும் விளைவை வச்சு மார்க் போடுறீங்க. அன்னிக்கு விலை என்ன இருந்ததுன்னு யாரும் பார்க்கலையே?

குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் கதைய எடுங்க. 1991-ல 33-ம் பிக்கா அட்லாண்டா எடுத்தாங்க. முழு சீசன்ல 4 பாஸ், ஒண்ணும் சேரல, ரெண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்சது). 1992 பிப்ரவரில கிரீன் பே பேக்கர்ஸ் மேலாளர் ரான் வுல்ஃப் 17-ம் பிக்கைக் கொடுத்து வாங்கினார். அதே சார்ட்ல 33-ம் பிக் 580, 17-ம் பிக் 950. ஒரு வருஷம் பெஞ்ச்ல உட்கார்ந்தவனுக்கு விலை ஏறியிருக்கு! அன்னிக்கு யாரைக் கேட்டிருந்தாலும் ஏமாந்தது கிரீன் பேனு சொல்லியிருப்பாங்க. மருத்துவப் பரிசோதனைல இடுப்பு எலும்புல ரத்த ஓட்டம் குறையுதுன்னு டாக்டர்கள் தள்ளிவிடப் பார்த்தாங்க, வுல்ஃப் அதையும் மீறித்தான் எடுத்தார். அப்புறம் 1995, 96, 97 மூணு தடவை சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்விபி (கடைசி ஒண்ணு பேரி சாண்டர்ஸோட பங்கு), ஒரு சூப்பர் பௌல்.

அட்லாண்டாவ திட்டணும்னா வித்ததுக்காக இல்ல, கிடைச்ச பிக்கை வீணடிச்சதுக்காகத் திட்டணும். 17-லேருந்து 19-க்கு இறங்கி டோனி ஸ்மித்னு ஒரு ரன்னிங் பேக். அவர் காலேஜ்ல ஃபாவ்ர் கூட ஆடினவர். இறங்கினப்போ அந்த 17 யார் கைக்குப் போச்சு? டல்லஸ். ஸ்னாப்கவுண்ட் மேல சொன்ன கெவின் ஸ்மித் அந்த பிக்தான்.

நாலும்இஞ்சும்:
என் ஓட்டு குவார்ட்டர்பேக் ஸ்டீவ் யங். 1987, டம்பா பே கொடுத்தது, சான் ஃபிரான்சிஸ்கோ வாங்கியது, விலை ஒரு இரண்டாம் ரவுண்ட், ஒரு நான்காம் ரவுண்ட். 1992, 94 எம்விபி. சூப்பர் பௌலில் 6 டச்டவுன் பாஸ். வின்னி டெஸ்டவெர்டியை முதல் பிக்காக எடுக்க முடிவு செய்துவிட்டதால் அவசரமாகக் கை கழுவினார்கள். கையில் இருப்பதை விற்றே தீரவேண்டும் என்று ஊருக்கே தெரிந்தால் விலை படுத்துவிடும். 2007-ல் ரிசீவர் ராண்டி மாஸ் நான்காம் ரவுண்ட் பிக்குக்குப் போனதும் இப்படித்தான், அந்த ஆண்டே 23 டச்டவுன் பிடித்தார்.

ரன்னிங் பேக் மார்ஷல் ஃபாக்கை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள். 1999-ல் இரண்டாம், ஐந்தாம் ரவுண்டுக்கு ராம்ஸ் வாங்கியது கொள்ளைதான். ஆனால் கோல்ட்ஸ் அதே டிராஃப்டில் எட்ஜரின் ஜேம்ஸை எடுத்தது, அவர் முதல் இரண்டு சீசனிலும் லீகில் அதிகம் ஓடியவர். நஷ்டம் எங்கே?

மூணாவதுடவுன்:
சுப்பு சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் அன்றைய விலையிலேயே தப்பு என்று சொல்லத்தக்கது வாட்சன், வாக்கர் இரண்டும்தான். குவார்ட்டர்பேக் ரசல் வில்சனை யாரும் எடுக்கவில்லையே? கேப் விஷயத்தில் அதுவும் பெரிய அடி இல்லையா?

கேப்கணக்கு:
அடிதான், ஆனால் டிரேடையும் அதற்குப் பின் போட்ட ஒப்பந்தத்தையும் பிரித்துப் பாருங்கள். 2022 மார்ச்சில் வில்சனுக்காக டென்வர் சியாட்டிலுக்குக் கொடுத்தது இரண்டு முதல் ரவுண்ட், இரண்டு இரண்டாம் ரவுண்ட், ஒரு ஐந்தாம் ரவுண்ட், ட்ரூ லாக், நோவா ஃபேன்ட், ஷெல்பி ஹாரிஸ். சியாட்டில் அதில் சார்லஸ் கிராஸ், போயே மஃபே, டெவன் விதர்ஸ்பூன், டெரிக் ஹால் நால்வரையும் எடுத்தது. இதுவே பெரிய நஷ்டம்.

அப்போது வில்சனுக்குப் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு சீசன் பாக்கி. ஒரு ஆட்டம்கூட ஆடிப் பார்க்காமல் செப்டம்பரில் 24.5 கோடிக்கு நீட்டித்தார்கள். போனஸைக் கேப்பில் அதிகபட்சம் 5 ஆண்டுக்குப் பரப்பலாம். நடுவில் ஆளை விட்டால் பரப்பிய மிச்சமெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். 2024 மார்ச்சில் விடுவித்தபோது நின்ற டெட் மணி (ஆள் போன பிறகும் கேப்பில் நிற்கும் பணம்) 8.5 கோடி. ஜூன் 1-க்குப் பிந்தைய விடுவிப்பு என்று குறித்ததால் 2024-க்கு 5.3, 2025-க்கு 3.2 எனப் பிரிந்தது.

நீட்டிப்பை ஒரு சீசன் தள்ளியிருந்தால் பிக் மட்டும்தான் போயிருக்கும். பிரவுன்ஸுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, அங்கே உத்தரவாதத்தை எழுதிக் கொடுத்தால்தான் ஆளே வருவார். அதனால்தான் வில்சனை மூன்றாவதாக வைக்கிறேன்.

ஸ்னாப்கவுண்ட்:
வரிசையில் ஒரு திருத்தம். வாட்சனால் பிரவுன்ஸ் அழிந்தது சரி, அதே பிக்குகளால் டெக்சன்ஸ் மூன்று சூப்பர் பௌல் ஜெயித்துவிடவில்லை. 13-ம் பிக்கிலிருந்து 15-க்கு இறங்கி எடுத்த கென்யன் கிரீன் தேறவில்லை. இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் அளவுகோல் என்றால் வாக்கரை இறக்க முடியாது.