பிரண்டை எக்ஸ்ட்ராக்ட் எலிக்கு ஒத்துக்கொண்டது, அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

ஆய்வு_மாணவி:
வணக்கம். எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல், கடைசி செமஸ்டர். பிரண்டைத் தண்டை நிழலில் உலர்த்திப் பொடித்து, சாக்ஸ்லெட்டில் (சாறு இறக்கும் ஆய்வகக் கருவி) மெத்தனால் என்ற கரைப்பான் விட்டு எடுத்த எக்ஸ்ட்ராக்டை, கிலோ எடைக்கு 400 மி.கி. வீதம் எலிகளுக்குக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் புண் உண்டாக்க எத்தனால் (சாராயம்) கொடுத்து, பிறகு இரைப்பையைத் திறந்து பார்த்தோம். வெறும் எத்தனால் மட்டும் கொடுத்தவற்றில் கோடுகோடாகச் சிவந்த புண். எக்ஸ்ட்ராக்ட் கொடுத்தவற்றில் அங்கங்கே புள்ளிதான். ஓஇசிடி 423 என்ற நச்சுத்தன்மைச் சோதனை முறையில் கிலோவுக்கு 2000 மி.கி. கொடுத்தும் ஓர் எலிகூடச் சாகவில்லை. 'பாதுகாப்பானது' என்று அறிக்கையில் எழுதலாமா? இன்னொன்று, அம்மாவுக்கு நெஞ்செரிச்சல், மேல்வயிற்று வலி. மிச்சமிருக்கும் எக்ஸ்ட்ராக்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மருந்தியல்66:
எழுதாதே தங்கச்சி. 423 என்பது ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டு 14 நாள் பார்ப்பது, ஒரு கட்டத்துக்கு மூன்றே எலிகள். 'ஒரே வேளையில் 2000 மி.கி. கொடுத்தும் சாகவில்லை' என்பதுதான் அதன் பொருள். தினமும் சாப்பிட்டால் ஈரலும் சிறுநீரகமும் என்ன ஆகும் என்பதற்கு 28 நாள் சோதனை (407), 90 நாள் சோதனை (408) தனியாக இருக்கின்றன.

அளவையும் பார். எலியின் அளவை மனித அளவாக மாற்ற 6.2ஆல் வகுப்பார்கள், 400 மி.கி.யை அப்படி வகுத்தால் மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 65 மி.கி., 60 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 4 கிராம் எக்ஸ்ட்ராக்ட். 100 கிராம் பொடியில் உனக்கு 8 கிராம் கிடைத்தது என்று வைத்துக்கொள், அப்படியானால் ஒரு நாளைக்கு 50 கிராம் காய்ந்த பிரண்டை. துவையலில் அவ்வளவு யார் சாப்பிடுகிறார்கள்? அதோடு மெத்தனால் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தாயா? அது நச்சு, மருந்துகளில் அதற்கு 3000 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 3000 பங்கு) வரம்பு.

முக்கியமானது: நீங்கள் புண் வருமுன்பே கொடுத்தீர்கள், ஆகவே காட்டியது தடுப்பு, ஆற்றுவது அல்ல. வந்த புண் ஆறுகிறதா என்று பார்க்க அசெட்டிக் அமிலத்தால் முதலில் புண்ணை உண்டாக்கிவிட்டுப் பிறகு மருந்து கொடுக்கும் சோதனை முறை வேண்டும். மனிதருக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியாலும் வலி மாத்திரையாலும்தான் புண் வருகிறது (கிருமியைக் கண்டறிந்ததற்குத்தான் மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல்). அம்மா மூட்டுவலிக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா?

மலையடிவாரம்:
சித்த மருத்துவம் படித்தவள் நான். பிரண்டை நறுக்கினால் கை அரிக்கும், கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் காரணம். அதனால்தான் வீட்டில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைக்கிறோம். இந்த ஆக்சலேட்டுக்காகவே, சிறுநீரகக் கல் வந்தவர்கள் துவையலைக்கூட டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. நம் வழக்கத்தில் துவையல், வற்றல், பிரண்டை உப்பு எல்லாம் உண்டு, மெத்தனாலில் யாரும் ஊறப்போட்டதில்லை. உன் கைட் ஒத்துக்கொண்டால் தண்ணீரில் காய்ச்சிய ஒரு தொகுப்பையும் சேர்த்துப் பார். மக்கள் எதைச் சாப்பிடுகிறார்களோ அதைச் சோதிக்காமல் வேறு ஒன்றைச் சோதித்துவிட்டு இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

கவிநிலா:
செய்முறை மாறினால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தேன். என் மகளுக்கு 3 மாதம், வயிற்று உப்புசம். பாட்டி இருந்தவரை வசம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து, விளக்கில் காட்டிக் கரியாக்கித்தான் உரசுவார். நாங்கள் கடையில் வாங்கியதைச் சுடாமலே உரசிப் புகட்டினோம். விடாமல் வாந்தி, இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, எலிகளுக்கு அது புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் வசம்பைத் தடை செய்துவிட்டார்கள் என்று பிறகுதான் படித்தேன். சுட்டதுகூடக் குழந்தைக்குச் சரிதானா என்று இப்போது எனக்குத் தைரியம் இல்லை.

ஆய்வு_மாணவி:
எல்லோருக்கும் நன்றி. மருந்தியல் அண்ணா, கேட்டுவிட்டேன். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, எட்டு மாதமாக, பாதி நாள் வெறும் வயிற்றில், எங்களிடம் சொல்லாமல்! திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், எண்டோஸ்கோபி வேண்டுமா என்றும் கேட்கிறேன். அறிக்கையில் 'ஒற்றை வேளையில் கிலோவுக்கு 2000 மி.கி. வரை இறப்பு இல்லை' என்று மட்டும் எழுதுகிறேன். எக்ஸ்ட்ராக்ட் பாட்டிலை லேபுக்கே எடுத்துப் போய்விட்டேன். அம்மாவுக்கு இன்று துவையல்தான் அரைத்தேன், மிளகாயைப் பாதியாகக் குறைத்து.