உளநல ஆய்வில் கேள்வியைத் தீர்மானிப்பது யார்?

கேள்வி – ஆய்வு மாணவி

வணக்கம். மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் வாழும் குடும்பங்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கவிருக்கிறேன். ஊரார் முன்னின்று நடத்தும் ஆய்வாக இது அமைய வேண்டும் என்பது என் விருப்பம். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டு வினாத்தாளை நிரப்பினால் அதுவே சமூக ஆய்வுதான் என்கிறார் என் நெறியாளர். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவோ எல்லாக் கேள்விகளையும் முன்கூட்டியே எழுதித் தரச் சொல்கிறது. நானே எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு ஊரார் தீர்மானிக்க என்ன மிஞ்சும்?

மறுமொழி 1 – மனநலச் சமூகப்பணியாளர்

நெறியாளர் சொல்வது வேறு வகை ஆய்வு, அதற்கும் மதிப்புண்டு. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயுள்ள 282 பேரிடம் நடத்தப்பட்டு, 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் பராமரிப்பு மருத்துவமனைச் சிகிச்சையோடு சேர்ந்தபோது ஓரளவு கூடுதல் பலன் கிடைத்தது. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மருத்துவ நிலைய வளாகத்துப் பெஞ்சில் அமர்ந்து பாட்டிமார் ஆலோசனை வழங்கும் திட்டமும், 573 பேரிடம் சோதிக்கப்பட்டு 2016இல் நல்ல முடிவைத் தந்தது. ஆனால் இரண்டிலும் எதை அளப்பது என்பதை வகுத்தவர்கள் ஆய்வாளர்களே.

மறுமொழி 2 – ஓய்வுபெற்ற பேராசிரியர்

யார் கேட்டால் என்ன என்று உங்கள் நெறியாளர் வாதிட்டால், மூளையில் மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வுச் சிகிச்சை (இ.சி.டி.) பற்றி லண்டனைச் சேர்ந்த டயானா ரோஸ் குழுவினர் 2003இல் பிஎம்ஜே என்னும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையைக் கொடுங்கள். அச்சிகிச்சையைத் தாமே பெற்றவர்களும் அக்குழுவில் இருந்தார்கள். மருத்துவர்கள் நடத்திய ஆய்வுகளையும், நோயாளிகள் நடத்திய அல்லது பங்கேற்று நடத்திய ஆய்வுகளையும் அவர்கள் ஒப்பிட்டபோது, பின்னவற்றில் சிகிச்சையால் பலன் கண்டதாகச் சொன்னவர்கள் குறைவாக இருந்தார்கள். இதில் வியப்பில்லை. சிகிச்சை முடிந்த கையோடு, மருத்துவமனைக்குள்ளேயே, சிகிச்சை அளித்தவரே சில கேள்விகள் மட்டும் கேட்டால், ‘நன்றாக இருக்கிறது ஐயா’ என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்கள்? குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் நீடித்த நினைவிழப்பைக் குறிப்பிட்டிருந்ததும் அக்கட்டுரையில் எடுத்துக் காட்டப்பட்டது. ஆகவே உங்கள் வினாத்தாளை யார் எழுதுகிறார், யார் கேட்கிறார், எங்கே வைத்துக் கேட்கிறார் என்பவை முடிவையே மாற்றக்கூடியவை.

மறுமொழி 3 – நெறிமுறைக் குழு உறுப்பினர்

இரண்டு கட்டமாக விண்ணப்பியுங்கள். முதல் விண்ணப்பத்தில், கேள்விகளை உருவாக்கும் கூட்டங்கள் எவ்வாறு நடக்கும் என்பதை மட்டும் விவரியுங்கள். அங்கே பிறக்கும் கேள்விகளை இரண்டாம் விண்ணப்பத்தில் தாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளே சமூகத்தை ஈடுபடுத்துவது பற்றிப் பேசுவதால், குழுவிடம் தயங்காமல் வாதிடலாம்.

ஆனால் ‘ஊரார்’ என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்? ஊர்க்கூட்டம் கூட்டினால் பெரியவர்களே பேசுவார்கள். பராமரிக்கும் தாய் வாசலோடு நின்றுவிடுவார், நோயுள்ளவர் வரவே மாட்டார். குடும்பத்தாரின் கவலையும் நோயுள்ளவரின் கவலையும் ஒன்றல்ல என்பதால், இரு தரப்பினரையும் தனித்தனியே சந்தியுங்கள். உடன் ஆய்வு செய்பவர்களுக்கு உரிய ஊதியத்தை நிதித்திட்டத்திலேயே எழுதுங்கள். டீயும் பிஸ்கட்டும் ஊதியமாகாது. நேர்காணல் மட்டுமே என்றாலும், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவின்படி நோயுள்ளவரின் சம்மதத்தை அவரிடமே பெற வேண்டும். வீட்டார் கையெழுத்து மட்டும் போதாது.